நீலப் பிளாஸ்திரி

மார்கழிக் குளிரில் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பழம் பறிக்கும் காலம். ஒருநாள் மாலை, வேலை முடிந்த தாய் ஒருத்தி தன் மகனோடு பங்கு இல்லத்துக்கு வந்தாள். மகனுக்கு வயது பதினைந்து. பள்ளியின் நெடுந்தூர ஓட்டக்காரன். அவன் வல முழங்காலின் இருமருங்கும் நீலப் பிளாஸ்திரி பிறைபோல் வளைந்து ஒட்டியிருந்தது.

"சாமி, இதை ஒட்டிக்கிட்டா வலி தெரியலைங்கிறான். வர்ற வாரம் போட்டி. ஓடட்டுமா?" என்று கேட்டாள். ஒருநாள் கூலியைக் கொடுத்துச் சேலத்திலிருந்து அந்தச் சுருளை வாங்கி வந்திருக்கிறாள்.

உடனே விடைகூற நமக்கு நா எழவில்லை. சென்ற ஆண்டு பங்கின் கால்பந்துக் குழுவுக்கு இத்தகைய சுருள்களை வாங்கிக் கொடுத்தது நாமே. கணுக்கால் வீங்கியிருந்த இளைஞன் ஒருவன் அதை நம்பி முழு ஆட்டமும் ஆடினான், ஜவ்வு கிழிந்தது. இன்றும் மேட்டுப்பாதையில் அவன் காலை இழுத்தே நடக்கிறான். அதன் பின்னரே இப்பொருளைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தோம். அறிந்ததை வாசகர்களுக்குச் சொல்வது கடமையெனக் கருதுகிறோம்.

இந்நாடாவை 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே உருவாக்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெரி வால்ஷின் தோளில் அதைக் கண்ட பிறகு உலகம் முழுவதும் அதன் புகழ் பரவியது. பருத்தி நெசவுக்குள் நீளும் இழைகள். அடியில் அலையலையாகப் பூசிய அக்ரிலிக் பசை. கையால் தேய்த்துச் சூடேற்றினால் பசை நன்கு பற்றும். நாடா நீளவாக்கில் மட்டுமே நீளும். 10 சென்டிமீட்டர் துண்டை இழுத்தால் 14, 15 வரை வரும். அதற்குமேல் நெசவு தடுக்கும். அதன் இரு முனைகளையும் இழுக்காமல் ஒட்டவேண்டும்; இழுத்து ஒட்டினால் தோல் கொப்புளிக்கும்.

பழைய வெள்ளைப் பிளாஸ்திரி வேறு வகை. அது நீளாது, மூட்டை அசையாமல் கட்டுவதே அதன் வேலை. அதுவுங்கூட, பத்து நிமிடக் கடும் பயிற்சிக்குள் கணுக்காலுக்குத் தரும் பிடிப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இழப்பதாக 1962ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டிற்று. நீளும் நாடாவோ மூட்டைக் கட்டுவதற்கென அமைந்ததே அன்று. இழுத்து ஒட்டிய நாடாவின் இழுவை நேரம் செல்லச் செல்லத் தளரும். நீட்டுவதற்கு நாம் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் அது சுருங்கும்போது திருப்பித் தருவதுமில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட நம் மலைச்சாலையில் இறங்கி ஓடுபவனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் அவனுடைய முழங்கால் சில்லை அழுத்தும் பாரம் உடல் எடையைப்போல் சில மடங்கு. இரு விரல்களால் இழுத்தாலே நீளும் நாடா அப்பாரத்தை எங்ஙனம் தாங்கும்?

அப்படியானால் வலி குறைந்ததாகச் சிறுவன் சொன்னது பொய்யா? பொய்யன்று. தோலில் ஓயாது படும் தொடுகை வலியுணர்வைச் சற்று மட்டுப்படுத்தலாம், நம்பிக்கையும் துணைசெய்யலாம். ஆயினும் 2014இல் 12 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், பெயரளவுக்கு ஒட்டிய நாடாவைவிட இது மேலானதாகத் தெரியவில்லை என்றும், மேலாயிருந்த இடத்தும் நோயாளிக்குப் பயன்படும் அளவுக்கு இல்லை என்றும் முடிவு கூறினர்.

"தம்பி, உன் வலி போகவில்லை; உனக்குக் கேட்காமல் இருக்கிறது, அவ்வளவே. இந்தப் போட்டி வேண்டாம்" என்றோம். அவன் அழுதுவிட்டான். "இதுக்கா சாமி ஒருநாள் கூலியைக் கொடுத்தேன்?" என்றாள் தாய். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இருவரையும் சேலத்தில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினோம். முன்தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுவாக்கும் பயிற்சிகளை அவர் கற்றுக்கொடுத்தார். சில வாரம் இறக்கத்தில் ஓடலாகாது என்றார். பயிற்சியின்போது ஆறுதலாக இருந்தால் நாடாவை ஒட்டிக்கொள்ளட்டும், ஆனால் அதை நம்பி ஓடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

திரும்பி வந்து செய்தி சொல்லிவிட்டு எழுந்தபோது அத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்ததைக் கண்டோம். சரிவில் பல ஆண்டு கூடை சுமந்த முழங்கால்கள். தனக்கென்று அவள் ஒரு சுருளும் வாங்கவில்லை; மருத்துவரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்தமுறை மகனோடு தானும் காலைக் காட்டவேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பினோம்.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளையின் மூட்டில் வண்ண நாடாவைக் கண்டால், "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாய்?" என்று முதலில் கேளுங்கள். வீக்கம் இருந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, மூட்டு நழுவுவதுபோல் தோன்றினாலோ, ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு கோப்பை போனால் மறு ஆண்டு வரும். கிழிந்த ஜவ்வின் கதையை நம் பங்கு இளைஞனிடம் கேட்டுக்கொள்ளலாம்.