பெங்களூரு வீட்டுக்கு நுரைச் சுவர் வேண்டுமா?

சென்டரிங் பலகைகளுக்குப் பதிலாகத் தெர்மோகோல் பலகைகளை இருபுறமும் நிறுத்தி, நடுவே கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பும் முறை குளிர் நாடுகளில் வழங்கி வருகிறது. பலகைகள் பின்னர் கழற்றப்படுவதில்லை. சுவரோடு நின்று உஷ்ணம் கடப்பதைத் தடுக்கின்றன. பல மாதங்கள் வீட்டைச் சூடேற்ற வேண்டிய இடங்களில் இதனால் எரிபொருள் மிச்சமாவது உண்மையே. ஆயினும் பெங்களூருவுக்கு இது அவசியமென்று கொள்வதற்கில்லை.

ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரின் சீதோஷ்ணம் மிதமானது. கோடையில் வீட்டைக் காய்ச்சுவது பெரும்பாலும் உச்சி வெயிலை நேரே ஏற்கும் கூரையே. சுவரைப் பொறுத்தவரையில், அதை ஆக்குவதற்கே எவ்வளவு சக்தி செலவாயிற்று என்பதுதான் கேட்கத்தக்க வினா. (கண்ணாடி முகப்பு வைத்துக் குளிர்சாதனத்தால் ஈடுகட்டும் மாளிகைகளைப் பற்றிப் பேச்சில்லை.)

இவ்வினா அந்நகரிலேயே ஆராயப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் அமுல்ய ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ பிரிவு, சூளையேறாத மண் கல்லைப் பண்படுத்தியது. சலித்த மண்ணுடன் மணலும், நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சிமெண்டும் கலந்து, கை யந்திரத்தில் அழுத்தி, சுமார் மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார். வேங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003-ல் வெளியிட்ட கணக்கின்படி, சுட்ட செங்கல்லுக்காகும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இதற்குப் போதும்.

எல்லா மண்ணும் உதவாது. கரிசல் நனைந்தால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். பெங்களூருவின் செம்மண்ணோ மணல் சேர்ந்தால் நன்கு பொருந்துகிறது.