பச்சை வேலிக்கும் அளவு உண்டு

இங்கிலாந்தின் புறநகர் வீடுகள் பலவற்றில் மதில் சுவருக்குப் பதில் பிரிவெட் செடி வேலிதான். குளிர்காலத்திலும் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். ஓரடி இடைவெளியில் நட்டு, முதல் வருடமே தயங்காமல் வெட்டிவிட்டால்தான் அடியிலிருந்து கிளைத்து அடர்த்தியாகும். பிறகு கோடையில் இரண்டு மூன்று முறை கத்தரிக்க வேண்டும். அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால்தான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

கீழ் இலையின் வெயிலுக்குக் கவலைப்படுபவர், பக்கத்து வீட்டுக்காரரின் வெயிலைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா? யோசிக்காதவர்களுக்காகவே 2003-ல் அங்கே சட்டம் வந்தது. இப்படிப்பட்ட வேலி இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் உள்ளூர் கவுன்சிலில் புகார் செய்யலாம். உயரத்தைக் குறைக்கச் சொல்லி கவுன்சில் உத்தரவும் போடலாம்.

அடுத்தவர் கண்ணில் படாமல் தோட்டத்தில் உட்கார ஆளுயர வேலி போதும். அதற்கு மேல் வளர்ப்பது வீம்பு. கத்தரிக்கோலை எடுக்க உத்தரவு வரும்வரை காத்திருப்பானேன்?