தீர்ப்புக்கு முன்பே போய்விட்ட யானை

அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பனை இடுக்கி மாவட்டம் சின்னக்கானலிலிருந்து பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளத்துக்கு மாற்றச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். அது 2023 ஏப்ரல் 5. தங்களைக் கேட்கவில்லையே என்று கொதித்தது முதலமடை. நென்மாறை எம்.எல்.ஏ. கே. பாபு மறுஆய்வு கோரினார்; பலனில்லை. வேறு இடம் இருந்தால் சொல்லலாம் என்று மட்டும் அரசுக்கு வழிவிட்டது நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் போன மாநில அரசின் மனுவும் ஏப்ரல் 17-ல் தள்ளுபடி. ஆனால் ஏப்ரல் 29-ல் பிடிபட்ட யானை போய்ச் சேர்ந்தது பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு!

பரம்பிக்குளத்துக்குக் கிடைத்தது நிம்மதி, உரிமை அல்ல. ஓர் ஊரின் தொல்லையை இன்னோர் ஊருக்கு அனுப்புமுன் அங்குள்ளவர்களைக் கேட்க வேண்டுமா? யானை திசை மாறியதும் இந்தக் கேள்விக்கு அவசரம் போய்விட்டது. வழக்குக்குக் காரணமே மறைந்தபின் கோர்ட்டுகள் பொதுவாக அதை மேலே நடத்துவதில்லை. சாதாரண வழக்குகளில் அது நியாயமே.

ஆனால் கேள்வி திரும்பி வந்தது. மே மாதம் கம்பத்துக்குள் புகுந்த அரிக்கொம்பனை ஜூன் 5-ல் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு லாரியில் கொண்டுபோனது. அங்கேயும் எதிர்ப்பு, மதுரையில் மனு.

திரும்பத் திரும்ப வரும், ஆனால் தீர்ப்புக்குள் முடிந்துவிடும் விவகாரங்களை விசாரிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் விதிவிலக்கு உண்டு. பொதுநலன் கருதி நம் நீதிபதிகளும் சிலசமயம் அப்படிச் செய்ததுண்டு. யானை விஷயத்திலும் செய்யலாம், அடுத்த லாரி கிளம்புமுன்.