ஒரு ஸ்பூன் உறைமோர்

செல்போனில் இருக்கும் படத்தை டி.வி.யில் பார்ப்பதற்கு 'காஸ்ட் பண்றது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு அர்த்தம் இருந்து, அதனால் நடக்கும் ரகளைகளே போதும் என்பதால், இங்கே 'வீசுவது' என்று வைத்துக்கொள்வோம். வலை வீசுவது மாதிரி.

வேளச்சேரிக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். 2023 மிக்ஜாம் புயலில் பட்டபாடு அப்படி. மழை விட்டதும் காரை இறக்கிவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு ஆப் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடிப் பையனும் அப்படித்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். லிஃப்டில் பிடித்துக்கொண்டான்.

''அங்கிள், போன்லேர்ந்து டி.வி.க்கு வீடியோ அனுப்பற ஆப் ஒண்ணு பண்ணிருக்கேன். பிளே ஸ்டோர்ல போடப் போறேன்.''

''பேஷ்! எத்தனை நாளாச்சு?''

''ரெண்டு நாள்.''

''ரெண்டே நாளிலா?''

''கோடு எல்லாம் ஓப்பன் சோர்ஸ்ல ரெடியா இருந்துது அங்கிள். பேரை மாத்தினேன், கலரை மாத்தினேன், நடுவுல விளம்பரம் சேர்த்தேன். அவ்வளவுதான்!''

இதில் இருக்கும் வில்லங்கத்துக்கு வருவதற்கு முன்னால், அந்த 'ரெடியா இருந்த' கோடு என்னவெல்லாம் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

வீசும் ஆப் முதலில் செய்யும் காரியம், கூப்பிடுவது. உங்கள் வீட்டு வைஃபைக்குள், ''இங்கே படம் காட்டக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?'' என்று ஒரு பொது முகவரிக்குக் குரல் கொடுக்கும். இதற்கு எம்.டி.என்.எஸ். என்று பெயர். ஹாலில் இருக்கும் டி.வி., ''நான் இருக்கிறேன், என் நம்பர் இது'' என்று பதில் சொல்லும். போனும் டி.வி.யும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் இந்தச் சம்பாஷணை நடக்கும். ஓட்டல் வைஃபையில் பெரும்பாலும் நடக்காது. அங்கே ஒரு அறை வாசியின் குரல் அடுத்த அறைக்குக் கேட்காதபடி பூட்டி வைத்திருப்பார்கள். நல்லதுதான். இல்லையென்றால் நீங்கள் பார்க்கும் படம் பக்கத்து அறை டி.வி.யில் ஓடும்.

அடுத்தது பலருக்கும் ஆச்சரியம் தரும் விஷயம். இன்டர்நெட்டில் இருக்கும் ஒரு வீடியோவை வீசும்போது, போன் அந்த வீடியோவை டி.வி.க்கு அனுப்புவதே இல்லை! முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. டி.வி.யே நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. கல்யாணத் தரகர் மாதிரி. ஜாதகத்தைக் கொடுத்தபின் அவர் குடும்பம் நடத்துவதில்லை.

ஆனால் படம் உங்கள் போனுக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. அப்போது போன் ஒரு குட்டி வெப் சர்வராக அவதாரம் எடுக்க வேண்டும். 192.168 என்று ஆரம்பிக்கும் ஒரு வீட்டு முகவரியை டி.வி.யிடம் கொடுத்து, ''வா, இங்கேயே எடுத்துக்கொள்'' என்று பரிமாற உட்கார வேண்டும். இங்கே இரண்டு தொல்லைகள். ஒன்று, திரை அணைந்த சில நிமிஷங்களில் ஆண்ட்ராய்டு, 'பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்' என்று அந்த சர்வரைத் தூங்க வைத்துவிடும். க்ளைமாக்ஸில் டி.வி. திருதிருவென்று விழிக்கும். இதைத் தடுக்க 'ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்' என்று ஒன்றை எழுதி, 'நான் முக்கியமான வேலையில் இருக்கிறேன்' என்று மேலே ஒரு அறிவிப்பை நிரந்தரமாக ஒட்டி வைக்க வேண்டும். இரண்டு, பாஷைப் பிரச்னை. பழைய ஏ.வி.ஐ. ஃபைல் பல டி.வி.களுக்குப் புரியாது. போனே பாஷை பெயர்த்துக்கொண்டு கூடவே அனுப்பவும் வேண்டும். அப்போது அதன் முதுகில் தோசை வார்க்கலாம்.

இத்தனையையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். யார்?

பலர். அதில் பிரபலமான கும்பல் வி.எல்.சி.க்காரர்கள். ஆரஞ்சு நிறத்தில் ரோட்டுக் கூம்பு சின்னம் பார்த்திருப்பீர்கள். பாரிஸை ஒட்டி எகோல் சென்ட்ரால் என்ற இன்ஜினீயரிங் காலேஜில் 1996-ல் மாணவர்களின் ப்ராஜெக்டாக ஆரம்பித்தது. ஹாஸ்டல் நெட்வொர்க் மாட்டு வண்டி வேகத்தில் இருந்தது. கேம்ஸ் விளையாட வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று கேட்டால் எந்த நிர்வாகம் பணம் கொடுக்கும்? 'நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் வீடியோ அனுப்பப் போகிறோம்' என்று ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. சாக்கு, சரக்காகிவிட்டது. கூம்பு எப்படி வந்தது? மாணவர் சங்கத்தினர் ரோட்டிலிருந்து 'சேகரித்து' வைத்திருந்த கூம்புகள்தான். உலகம் முழுக்க ஹாஸ்டல் பையன்கள் ஒரே ஜாதி.

2001 பிப்ரவரியில் காலேஜ் சம்மதித்து, கோடு முழுவதையும் ஜி.பி.எல். என்ற லைசன்ஸில் வெளியிட்டார்கள். இன்றைக்கு அதைக் கட்டிக்காப்பது ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு. டி.வி.க்கு வீசும் வசதி 2018-ல் 3.0 பதிப்பில் வந்தது. டி.வி.க்குப் புரியாத பாஷையையும் பெயர்த்துக் கொடுக்கும். 2025 ஜனவரியில் டவுன்லோடு எண்ணிக்கை 600 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். இதில் ஒரு விளம்பரம் கிடையாது.

மூன்றாவது மாடிப் பையன் நடுவில் விளம்பரம் சேர்த்தது இதில்தான்.

''அதான் ஃப்ரீ ஆச்சே அங்கிள்!''

இங்கேதான் இங்கிலீஷ் காலை வாருகிறது. அந்த பாஷையில் சும்மா கிடைப்பதும் 'ஃப்ரீ', சுதந்திரமும் 'ஃப்ரீ'. தமிழ் தெளிவான பாஷை. முன்னது இலவசம், பின்னது கட்டற்றது. 2006 தேர்தல் கலர் டி.வி.யும், 2011 மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப்பும் பார்த்த தமிழனுக்கு இலவசம் என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். வாங்கினால் உங்களுடையது. விற்றாலும் கேட்க ஆளில்லை. 'கட்டற்ற மென்பொருள்' அப்படியல்ல. அது உறைமோர்.

பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பூன் உறைமோர் வாங்குகிறோம். நம் பாலில் விடுகிறோம். காலையில் ஒரு பாத்திரம் தயிர். நாமே சாப்பிடலாம், மோர் பெருக்கி விற்கக்கூட விற்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தயிரை வாங்கிப்போனவர் வந்து, ''எனக்கும் ஒரு ஸ்பூன் உறைமோர்'' என்றால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. ஜி.பி.எல். சாரம் இவ்வளவுதான். ஆப்பை நீ யாருக்குக் கொடுக்கிறாயோ, அவர் கேட்டால் நீ செய்த மாற்றங்களோடு கோடையும் கொடுக்க வேண்டும், அதே நிபந்தனையோடு. முதலில் எழுதியவர்களின் பெயரை அழிக்கக்கூடாது. விளம்பரம் சேர்ப்பதற்கோ காசு வாங்குவதற்கோ தடை இல்லை. பையன் நினைத்ததற்கு நேர் தலைகீழ்! கோடை மறைத்ததும் பெயரை அழித்ததும்தான் குற்றம்.

அப்பாச்சி லைசன்ஸ் என்று இன்னொரு ரகம் இருக்கிறது. கொஞ்சம் தாராளம். 'மோர் அந்த வீட்டில் வாங்கினது' என்று எழுதி வைத்தால் போதும், தயிரைப் பூட்டிக்கொள்ளலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இரண்டு மோரும் இருக்கின்றன. அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல்.; அதன் மேல் மாடிகள் பெரும்பாலும் அப்பாச்சி.

எங்கள் பேட்டையை ஒட்டி, வேளச்சேரிப் பக்கமும் ஒரு கேட் வைத்திருக்கும் ஐ.ஐ.டி.யில் 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்று ஒரு மொபைல் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அறிமுகப்படுத்தினார்கள். டெல்லியிலிருந்து மந்திரிகள் பாராட்டினார்கள். உடனே, ''இது ஆண்ட்ராய்டின் திறந்த கோடுதானே, எப்படி சுதேசி?'' என்று பலர் கேட்டார்கள். ஆமாம், அதன் மேல் கட்டியதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூஜ்யத்திலிருந்து தயிர் செய்த வீடு உலகத்தில் எங்கேயும் கிடையாது. மோர் எந்த வீட்டுது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி சண்டை வராது.

''யாரு அங்கிள் வந்து கேக்கப்போறாங்க?'' என்றான் பையன்.

கேட்பார்கள். 2011 ஜனவரியில் ஐபோன் கடையிலிருந்து வி.எல்.சி.யே தூக்கப்பட்டது. புகார் கொடுத்தது போட்டிக் கம்பெனி அல்ல, வி.எல்.சி. எழுதியவர்களில் ஒருவர்! ஆப்பிள் கடையின் நிபந்தனைகள் என் லைசன்ஸுக்கு ஒத்துவரவில்லை என்றார். பிறகு லைசன்ஸைத் தளர்த்த முடிவு செய்தபோது, தலைவர் ழான் பாப்டிஸ்ட் கெம்ப், கோடு எழுதிக் கொடுத்திருந்த இருநூறு பேருக்கு மேல் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு வரி எழுதியவருக்கும் அதில் பாத்தியதை உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அத்தைகளிடமெல்லாம் கையெழுத்து வாங்கின அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். ஐபோனுக்கு அது திரும்பி வந்தது 2013-ல்.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜி.பி.எல். நிபந்தனையை மீறியதற்காக ஆரஞ்ச் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி 5 லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. நம் ஊர் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் 'இலக்கியப் படைப்பு' என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. நாவல், கவிதை, ஜாவா எல்லாம் ஒரே பந்தி. அடுத்தவர் நாவலில் கதாநாயகி பெயரை மட்டும் மாற்றித் தன் பெயரில் போடுபவரை என்ன சொல்வோமோ, அதையே இதற்கும் சொல்லலாம்.

சரி, இவ்வளவு கறாராகத் திறந்து வைப்பதால் வாங்குகிறவனுக்கு என்ன லாபம்?

2022 பிப்ரவரியில் வி.எல்.சி.யின் வெப்சைட் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியுடன் வக்கீல் நோட்டீஸ் போனபிறகு, நவம்பரில் கதவு திறந்தது. நடுவில் அத்தனை மாதமும் கோட்டின் பிரதிகள் எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. கடையை மூடலாம், உறைமோரை மூட முடியாது.

எதிர்ப்பக்க உதாரணம், குரோம்காஸ்ட். டி.வி.யின் பின்னால் செருகும் கூகுளின் குட்டிச் சாதனம். 2014 டிசம்பரில் இங்கே 2,999 ரூபாய்க்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச் 9-ம் தேதி, இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. ஹார்டுவேர் கெடவில்லை. உள்ளே இருந்த பத்து வருஷ டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது! உங்கள் காசு, உங்கள் டி.வி., உங்கள் பேரன் போட்டோ. நடுவில் யாரோ எங்கோ ஒரு முத்திரையைப் புதுப்பிக்க மறந்ததால் இருட்டு. சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. வீட்டுக்காரர் கையில் செய்ய ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம்.

வேளச்சேரிவாசிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி. மழையில் இன்டர்நெட் கேபிள் போய்விட்டால் குரோம்காஸ்ட் ரகம் படுத்துவிடும். வீட்டுக்குள்ளிருக்கும் படத்தைக் காட்டுவதற்கும் அது வெளியே ஒரு நடை போய்வர வேண்டும். டி.எல்.என்.ஏ. என்ற பழைய முறைக்கு அந்த வழக்கம் இல்லை. இன்வெர்ட்டரில் ரவுட்டரும் டி.வி.யும் ஓடினால், வெளியுலகமே துண்டிக்கப்பட்டாலும் போன் படம் டி.வி.யில் ஓடும். இதைச் சொன்னதும் பையன் கண்ணில் ஒரு மின்னல்.

''பாட்டி அன்னிக்கு அதைத்தான் கேட்டாங்க அங்கிள். மிக்ஜாம் அப்போ ரெண்டு நாளும் தாத்தாவோட சஷ்டியப்தபூர்த்தி வீடியோவைப் பெரிசா பாக்கணும்னாங்க. போன்ல இருந்துது, டி.வி.க்குப் போகலை.''

இப்போது அந்த ஆப்பில் விளம்பரம் இல்லை. டி.எல்.என்.ஏ. மட்டும். பட்டன்கள் பாட்டியின் கட்டைவிரல் அளவுக்கு. மாற்றிய கோடு முழுவதையும் வெளியே வைத்திருக்கிறான், பழைய பெயர்களை அழிக்காமல், கீழே தன் பெயரையும் சேர்த்து. இரண்டு நாள் வேலை இரண்டு மாதமானது. பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பிளாக்கில் வாட்ச்மேன், அயர்ன் கடைக்காரர், அசோசியேஷன் செக்ரட்டரி எல்லோரும் இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டர்கள். செக்ரட்டரி மட்டும் குறைகளை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கிறார்.

உங்கள் போனை எடுங்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்', அதற்குள் 'லீகல்', அதற்குள் 'லைசன்ஸ்' என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். விரல் வலிக்கும் வரை தள்ளிக்கொண்டே போகலாம். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்: இன்னார்' என்று கொட்டை எழுத்தில் எழுதுவோமே, அந்த உபயதாரர்களின் பட்டியல்தான் இது. ஒரே வித்தியாசம், இவர்கள் வெளிச்சத்தை மறைக்கவில்லை.