தூங்குகிற பிள்ளையை எழுப்பலாமா?

நமது அடுத்த வீட்டுக்காரர் மிகவும் கண்டிப்பான மனிதர். பரீட்சை நெருங்கிவிட்டால், அவருடைய புதல்வனுக்கு இரவு 11 மணிக்கு முன் பாயை விரிக்க உத்தரவு கிடையாது. காலை 4 மணிக்கு மேல் அதில் படுத்திருக்கவும் உத்தரவு கிடையாது. சென்ற வாரம் அந்தப் பையன் புஸ்தகத்தின் மீதே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். உடனே முகத்தில் குளிர்ந்த ஜலம் தெளிக்கப்பட்டது. "தூங்கினால் படிப்பு எப்படி ஸார் வரும்?" என்று தகப்பனார் நம்மைக் கேட்டார். "வாஸ்தவந்தான்" என்று நாமும் தலையை அசைத்து வைத்தோம். அப்படி அசைத்தது பெரும் பிசகு என்பதைத் தெரிவித்துக் கொள்ளவே இந்த வாரம் எழுதுகிறோம்.

கண்தான் பார்க்கிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் கண் வெறும் வாசற்படி, பார்ப்பது மூளை. பிறந்த குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹூபெல், வீஸல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் இதைப் பூனைக்குட்டிகளிடம் பரிசோதித்துக் கண்டார்கள். குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்தால், மூளையில் அந்தக் கண்ணுக்குரிய பாகத்தைத் திறந்திருக்கும் கண் அபகரித்துக் கொள்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான நிலத்தில், தம்பி ஊரில் இல்லாத சமயம் பார்த்து அண்ணன் வரப்பை நகர்த்திவிடுவது போலத்தான்! பின்னால் மூடிய கண்ணைத் திறந்துவிட்டாலும், அது சொல்வதை மூளை சரியாகக் கேட்பதில்லை. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வரப்பு நகருவது எப்போது? விழித்திருக்கும்போது மட்டுமா? ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் பிராங்க், இஸ்ஸா, ஸ்டிரைக்கர் ஆகிய மூவரும் இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டு, 2001-ல் விடை கூறினார்கள். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி, 6 மணி நேரம் வெளிச்சத்தில் விழித்திருக்கச் செய்தார்கள். பிறகு சில குட்டிகளை 6 மணி நேரம் தூங்க விட்டார்கள். வேறு சிலவற்றை அதே நேரம் கும்மிருட்டில் தூங்க விடாமல் வைத்திருந்தார்கள். இன்னும் சிலவற்றை வெளிச்சத்திலேயே மேலும் 6 மணி நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கொண்டிருக்கச் செய்தார்கள்.

இருட்டில் விழித்திருந்த குட்டிகளின் மூளையில் மாறுதல் மேற்கொண்டு வளரவில்லை. தூங்கிய குட்டிகளும் புதிதாக எதையும் பார்க்கவில்லைதான். ஆயினும் அவற்றின் மூளையில் மாறுதல் நன்கு வளர்ந்திருந்தது. வெளிச்சத்தில் கூடுதலாக விழித்திருந்தவற்றுக்கு அது சிறிதும் குறையவில்லை! கண்விழிகள் துடிக்காத அமைதியான நித்திரை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மாறுதலும் அதிகமாயிருந்தது. பகலில் கண்டதை மூளை இரவில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறது என்று சொல்லலாம்.

இவ்வளவையும் அடுத்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரீட்சை எழுதப் போவது பூனைக்குட்டியா ஸார்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டிக்கோல்டு முதலியோர் மனிதர்களுக்கே ஒரு பயிற்சி கொடுத்து, முடிவை 2000-ல் வெளியிட்டார்கள். திரையில் கண நேரம் தோன்றி மறையும் கோடுகளுக்கு நடுவே, சாய்ந்திருக்கும் சில கோடுகளைக் கண்டு சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற அன்றிரவு தூங்கியவர்கள் பின்னர் முன்னிலும் திறமையாகச் செய்தார்கள். அன்றிரவு தூங்க விடப்படாதவர்களோ, அடுத்த இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அபிவிருத்தி காட்டவில்லை. தவறிப்போன முதல் இரவை அவர்களால் ஈடு செய்ய முடியவில்லை!

கோடுகளைக் கண்டு சொல்வதும் பூகோள பாடத்தை நெட்டுருப் போடுவதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக் கொள்கிறோம். ஆனால், தூங்கும் நேரம் வீண்போன நேரம் என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். பிள்ளை தூங்கும்போது அவனுடைய படிப்பும் தூங்குவதாக எண்ணி எழுப்புகிறவர்கள், முடிவதற்கு முன்பே கணக்குப் புஸ்தகத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

அன்றிரவு 10 மணிக்கே அந்த வீட்டில் விளக்கு அணைந்தது. காலை 4 மணிக்கு அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. நாம் தூங்கிக் கொண்டிருந்தோம்.