பசித்த விவசாயி நல்ல வாடிக்கையாளர் அல்ல

ஒரு கிராமத்தின் கடைத்தெரு செழிப்பதும் படுத்துவிடுவதும் அக்கிராமத்து விவசாயியின் விளைச்சலைப் பொறுத்ததே. வியாபாரிகளாகிய நாம் இதனை அறியாதவர்கள் அல்லர். எனினும் ஏழை விவசாயிக்கு உதவி என்றதும் அரிசிப் பொதிதான் எமது நினைவுக்கு வருகிறது. அடுத்த போகத்திலும் அதே மனிதர் அதே வரிசையில் நிற்பார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

மேற்குக் கென்யாவின் புங்கோமா பகுதியில் 2006ஆம் ஆண்டு அன்ட்ரூ யூன் என்பவர் 'வன் ஏக்கர் ஃபண்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தில் சோளம் பயிரிடும் குடும்பங்களே அறுவடைக்கு முந்திய மாதங்களில் பட்டினி கிடந்தன. அவர்களிடம் உழைப்பு இருந்தது. நல்ல விதையும் பசளையும் நடுகை முறையும்தான் இருக்கவில்லை.

இவ்வமைப்பு எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. விதையையும் பசளையையும் கடனாக வழங்கியது. நடுகைக்கு முன்பே கிராமத்துக்கு அருகில் கொண்டுவந்து இறக்கியது. கயிறு பிடித்து 75 சென்ரிமீற்றர் வரிசை இடைவெளியில், 25 சென்ரிமீற்றருக்கு ஒரு விதை நடவும், குழிக்குக் குழி பசளையை அளந்து இடவும் வயலிலேயே கற்றுக்கொடுத்தது. கடனைக் கையில் காசு வரும்போது சிறுகச் சிறுகக் கட்டலாம். மிகப் பெரும்பாலானோர் முழுவதையும் கட்டிவிடுகின்றனர். சில டசின் குடும்பங்களுடன் தொடங்கிய இவ்வேலை இன்று பல ஆபிரிக்க நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களை எட்டியுள்ளது.

தன் உணவைத் தானே விளைவிப்பவர் எமது கடைக்கு ஏன் வருவார் எனச் சிலர் கேட்கலாம். பட்டினி மாதத்தில் அவர் வாங்குவது கடனுக்கு ஒரு கிலோ மாவு மட்டுமே. வீட்டில் சோறு இருப்பவரே கூரைத்தகடும் பிள்ளைக்குச் சப்பாத்தும் வாங்குவார். பழைய கொப்பிக் கணக்கையும் தீர்ப்பார்.

எமது நாட்டிலும் பசளையைக் கடனுக்குக் கொடுத்து நெல்லாகத் திருப்பி வாங்குவது புதிதல்ல. ஆனால் விலை விழுந்து கிடக்கும் அறுவடை நாளிலேயே நெல்லை அள்ளிவிட்டால், அவ்விவசாயி சில மாதங்களில் அரிசியைக் கூடிய விலைக்கு வாங்க நேரிடுகிறது. கடன் மீண்டும் ஏறுகிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மாற்றுப் பசளையோ அதற்கான பயிற்சியோ போதியளவு வந்து சேரவில்லை. நவம்பரில் தடை நீங்கியும் 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. விவசாயியோடு பசளைக் கடைக்காரர், ஆலைக்காரர், சில்லறை வியாபாரி என அனைவரும் நட்டப்பட்டோம்.

எனவே விதையும் பசளையும் விற்போர் மூன்று காரியங்களைச் செய்யலாம். மழைக்கு முன்பே சரக்கைக் கிராமத்தில் சேர்ப்பது. விதைப்புக்கு முன் விவசாயப் போதனாசிரியரை அழைத்து ஒரு நாள் வயலில் செய்துகாட்டச் செய்வது. குடும்பத்தின் சாப்பாட்டு நெல்லை வீட்டிலேயே விட்டு, மிகுதிக் கடனைத் தவணையாகப் பெறுவது.

இதனைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. அடுத்த போகத்து வியாபாரத்துக்கான முதலீடாகவே எழுதிக்கொள்ளலாம்.