தீயிலிட்ட வித்துச் சத்திழக்குமா?

"நெருப்புப் பட்ட தீனியிற் சத்தில்லை" என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடம் உண்டு. தானியத்தையும் அவரையையும் பச்சையாகவே கொடுப்பதுதான் இலாபம் என அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்தை எல்லா வித்துக்களுக்கும் பொதுவாகக் கொள்ளுதல் நட்டத்திற்கே வழியாகும் என்பது எமது துணிபு.

சோயா அவரையை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் நிறையில் 100க்கு ஏறத்தாழ 40 பங்கு புரதமாகும். ஆயினும், புரதத்தைச் சமிக்கச் செய்யும் திரிப்சின் என்னும் நொதியத்தைத் தடுக்கும் பொருளொன்று பச்சை அவரையில் உண்டு. அதனால், பச்சை அவரை தின்ற கோழிக்குஞ்சுகள் இரையெடுத்தும் நன்கு வளர்வதில்லை. அவற்றின் சதையியும் பருத்துவிடும். வேகவைத்த சோயா அவரையே எலிகளின் வளர்ச்சிக்கு உதவியது என்பதை ஒஸ்போண், மெண்டல் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1917 ஆம் ஆண்டிலேயே காட்டினர். பன்றிகளுக்கும் இளங்கன்றுகளுக்கும் பச்சை அவரை ஏற்றதன்று. வளர்ந்த மாடு அசைபோடும் பிராணியாதலின் அதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அங்ஙனமாயின், எவ்வளவு சூடாக்கினும் நன்றோ? அன்று. அவரை கருகினால், இலைசின் என்னும் அமினோ அமிலம் வித்திலுள்ள சர்க்கரைப் பொருளுடன் பிணைந்து, பிராணிக்குப் பயன்படாமற் போகும். ஆகவே அவரை சீராக வேகவேண்டும், கருகலாகாது.

அடுத்தது அரிசித் தவிடு. பச்சை நெல்லைக் குற்றியவுடன், தவிட்டிலுள்ள எண்ணெயை நொதியமொன்று சிதைக்கத் தொடங்கும். சில நாட்களிற் காறல் நாற்றம் வீசும். கோழியும் மாடும் அதனை வெறுக்கும். நெல்லைப் புழுக்கும்போது இந்நொதியம் செயலிழப்பதால், புழுங்கல் நெல்லின் தவிடு இவ்வகையில் விரைவிற் கெடாது. மலிவென்று பச்சைத் தவிட்டை மாதக்கணக்கிற்கு வாங்கிக் குவிப்பது சிக்கனமன்று.

எனினும், தீ எல்லாக் குற்றத்தையும் நீக்கிவிடாது. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீனியிற் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் உண்டாக்கிய அபிளாடொக்சின் என்னும் நஞ்சே காரணமெனப் பின்னர் கண்டறியப்பட்டது. அந்நஞ்சு சாதாரண வேகவைத்தலால் அழியாது. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை அவித்துக் கொடுத்தாற் போதும் என எண்ணுதல் பெருந்தவறு. அறுவடையின்பின் வித்தை நன்கு காயவைத்து, ஈரம் படாது வைத்தலே அதற்குரிய காப்பு.

ஆதலின், தீனி வாங்கும்போது வித்தின் பெயரையும் விலையையும் மாத்திரம் கேளாதீர்கள். அவரை வெந்ததா? தவிடு என்று குற்றியது? பிண்ணாக்கு உலர்ந்ததா, பூஞ்சணமற்றதா? இவற்றையும் கேளுங்கள். இவ்விவரங்களை மூடையின்மீது எழுதிவைத்தல் ஆலைக்காரரதும் வணிகரதும் கடமை என்பது எமது கருத்து. ஐந்தாறு கோழியும் ஒரு பசுவும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு, கெட்ட தீனி மூடை ஒன்றே பெருநட்டமாகும்.